செடியின் நோயெதிர்ப்புப் புரதம்: ஜெல்லில் ஒரே பட்டை வந்தால் போதுமா?

நோயெதிர்ப்புப் புரதத்தைச் சுத்தம் செய்து, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுகிறோம். எதிர்பார்த்த எடையில் ஒரே பட்டை விழுந்தால் பாதி வேலை முடிந்ததாக நினைக்கிறோம். செல்லுக்குள் இருந்து நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்கும் என்.எல்.ஆர். வகைப் புரதங்களில் பெரும்பாலும் அங்கேதான் ஏமாறுகிறோம். பட்டை எடையைத்தான் சொல்லும், புரதம் சரியாக மடிந்திருக்கிறதா என்று சொல்லாது.

முதல் தவறு, முழு நீளப் புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் எடுக்கப் பார்ப்பது. செல்லை உடைத்துச் சுழற்றினால் பெரும்பாலும் எல்லாம் அடியில் வெள்ளை வண்டலாக உட்கார்ந்துவிடும். அதை யூரியாவில் கரைத்து மறுபடி மடியவைக்க மாதக்கணக்கில் போராடுபவர்கள் உண்டு. வேண்டாம். 2019-ல் முழு வடிவம் தெரியவந்த அரபிடாப்சிஸ் செடியின் சார்1 என்ற என்.எல்.ஆர். புரதம் பூச்சி செல்களில் தயாரானது. அடுத்த ஆண்டு வந்த ரோக்1 என்ற இன்னொரு என்.எல்.ஆர்., நிக்கோட்டியானா பென்தாமியானா என்ற புகையிலை இனச் செடியின் இலைகளில் தயாரானது.

துண்டு போதும் என்றால் ஈ.கோலை நன்றாகவே கைகொடுக்கும். நெல்லின் பிக் புரதத்தில் குலைநோய்ப் பூஞ்சை செல்லுக்குள் அனுப்பும் எஃபெக்டர் புரதத்தைப் பிடிக்கும் எச்.எம்.ஏ. பகுதியை அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பார்லியின் எம்.எல்.ஏ.10 முன்பகுதியை 120-வது அமினோ அமிலத்தோடு வெட்டியபோது படிகத்தில் அது இரட்டையாகத் தெரிந்தது. கோதுமையின் எஸ்.ஆர்.33-ல் அதே அளவுத் துண்டு கரைசலில் தனியாகவே நின்றது. இலையில் செல்லைச் சாகவைக்கும் வேலைக்கோ அதைவிட நீளமான துண்டு தேவைப்பட்டது. மென்பொருள் காட்டும் எல்லையில் ஒரே ஒரு துண்டை மட்டும் வெட்டி நம்பாமல், நீளம் மாற்றி நான்கைந்தாவது செய்யுங்கள்.

அப்புறம் டேக், அதாவது சுத்தம் செய்யும்போது புரதத்தைப் பிடிக்க உதவும் ஒட்டுத் துண்டு. சார்1 ஐந்தாகச் சேரும்போது முன்முனையில் உள்ள ஐந்து சுருள்கள் புனல்போல் வெளியே நீளும். அந்தப் புனல் செல் சவ்வில் செருகிக் கால்சியத்துக்கு வழிவிடுகிறது. அந்த முனையிலேயே டேக்கை ஒட்டிவிட்டு வேலை செய்யவில்லையே என்று தேடுவது வீண். பின்முனையில் வையுங்கள், இல்லையென்றால் சுத்தம் செய்த பிறகு வெட்டி நீக்கும்படி புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) தளம் சேருங்கள்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, துளைமணிகள் நிரம்பிய குழாய் வழியே கரைசலை ஓடவிடும் அளவுவாரிப் பிரிப்புதான். பெரிய மூலக்கூறு முதலில் வெளியே வரும். ஐந்தாகச் சேர்ந்த சார்1, துணைப் புரதங்களோடு கிட்டத்தட்ட 900 கிலோடால்டன் என்பதால் சீக்கிரமே வரும். கெட்டுப்போய்க் கட்டிதட்டிய புரதமும் அங்கேதான் வரும்! ஒருமுறை வரைபடத்தில் அப்படிச் சீக்கிரமே எழுந்த மேட்டைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்துபோனோம். சாயமிட்டு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஐந்து சேர்ந்த சக்கர வடிவம் ஒன்றுகூட இல்லை, ஒழுங்கற்ற திட்டுகள்தான். அதனால் அந்த மேட்டை மட்டும் நம்பாதீர்கள். எஃபெக்டரால் மாறிய துணைப் புரதம் இல்லாமல் ஒன்று, புரதத்தை விழிக்கவைக்கும் டி.ஏ.டி.பி. (dATP) மூலக்கூறு இல்லாமல் ஒன்று, அந்த மூலக்கூறைப் பிடிக்கும் பி-லூப் பகுதியைக் கெடுத்த புரதத்தோடு ஒன்று என்று மூன்று சோதனைகளையும் கூடவே ஓட்டுங்கள். அவற்றிலும் அதே மேடு வந்தால் நீங்கள் பார்த்தது வெறும் கட்டிதான்.

பஃபரையும் (புரதம் கரைந்திருக்கும் கரைசல்) ஒருமுறை பாருங்கள். இந்தப் புரதங்களின் உறக்கநிலை ஏ.டி.பி. (ADP) பிடித்த நிலை. விழிக்க ஏ.டி.பி. விலகி, டி.ஏ.டி.பி. அல்லது அந்த ADP-யின் மூன்று பாஸ்பேட் வடிவமான ATP உள்ளே வரவேண்டும், அதற்கு மெக்னீசியம் கூடவே வேண்டும். பழக்கத்தில் சேர்க்கும் இ.டி.டி.ஏ. அந்த மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், டேக்கைப் பிடிக்கும் நிக்கல் ரெசினில் இருக்கும் நிக்கலையும் உருவிவிடும். புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரை வாங்கும்போதே இ.டி.டி.ஏ. இல்லாததா என்று பாருங்கள்.

விலைக்கு வாங்கும் புரதம் என்றால் தரவுத்தாளில் முழு நீளமா துண்டா, எந்த செல்லில் தயாரானது, டேக் எந்த முனையில் என்று படியுங்கள். ‘தூய்மை 90 சதவீதம்’ என்பது பெரும்பாலும் ஜெல்லைப் பார்த்துச் சொன்னது. வந்ததும் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து உறையவையுங்கள், ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்காதீர்கள். உருகியதும் ஒருமுறை சுழற்றி, மேலே நிற்கும் கரைசலில் எவ்வளவு புரதம் மிச்சம் என்று அளந்த பிறகு சோதனைக்கான கணக்கைப் போடுங்கள்.