டெத் வேலி: இரண்டு நாள் நடைப் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி

கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குத் திட்டம் போடும்போது, இடங்களைப் பட்டியலிடுவதற்கு முன் மாதத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரைதான் நடக்க ஏற்ற காலம். ஜனவரியில் பகல் 19 டிகிரி செல்சியஸ், இரவு 4 டிகிரி. அதனால் ஸ்வெட்டர் கட்டாயம். ஜூலையில் சராசரிப் பகல் வெப்பமே 47 டிகிரி. 1913 ஜூலை 10 அன்று இங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரிதான் இன்றுவரை உலகச் சாதனை. கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு இது. மேலேறும் சூடான காற்று, இருபுறமும் நிற்கும் மலைகளைத் தாண்ட முடியாமல் திரும்ப அடியிலேயே இறங்கி இன்னும் சூடாகிறது. கோடையில்தான் போக முடியும் என்றால் பள்ளத்தாக்கைக் காரிலிருந்தே பாருங்கள். காலை 10 மணிக்குப் பிறகு கீழ்ப்பகுதியில் நடக்கவே கூடாது. கடும் வெப்பத்தில் காற்று லேசாகிவிடுவதால், மீட்பு ஹெலிகாப்டர்கூடப் பறக்க முடியாத நாட்கள் உண்டு.

லாஸ் வேகஸிலிருந்து ஃபர்னஸ் கிரீக்குக்கு இரண்டு மணி நேரம். வழியில் பரம்ப் ஊரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் விலை மிக அதிகம். போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. வரைபடத்தை முன்பே டவுன்லோடு செய்துகொண்டு, பார்வையாளர் மையத்தில் காகித வரைபடமும் வாங்கிக்கொள்ளுங்கள். குறுக்கு வழி என்று போன் காட்டும் மண் சாலையில் இறங்கி மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர். அதற்கு மேலும் ஒரு பங்கு காரில் இருக்கட்டும். இங்கே வியர்வை தோலில் நிற்காமல் உடனே காய்ந்துவிடும். எவ்வளவு நீர் போகிறது என்பதே தெரியாது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் உப்பு குறைந்து தலைசுற்றலும் குமட்டலும் வரும். முறுக்கு, உப்புக்கடலை போல எதையாவது இடையிடையே கொறியுங்கள். கையிலிருக்கும் தண்ணீரில் பாதி தீர்ந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

முதல் நாள், விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே ஸப்ரிஸ்கி பாயின்ட் காட்சிமுனையில் இருங்கள். வெளிச்சம் முதலில் எதிரே இருக்கும் பனமின்ட் மலை உச்சிகளில் விழுந்து, பிறகுதான் காலடியில் உள்ள மஞ்சள் களிமண் மடிப்புகளுக்கு வரும், பாதியில் கிளம்பிவிடாதீர்கள். அடுத்து கோல்டன் கேன்யன் என்ற குறுகிய மலைப்பிளவில் ஏறி, கவர் கல்ச் என்ற வறண்ட ஓடை வழியாக இறங்கும் சுற்றுப்பாதை. நான்கு மைலுக்குச் சற்று அதிகம், நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். கவர் கல்ச்சின் முடிவில் சுமார் 30 அடி ஆழத்தில் ஒரு வறண்ட அருவி விளிம்பு வரும். அதில் இறங்கப் பார்க்காதீர்கள். வலப்பக்கம் மலைச்சரிவை ஒட்டிப் போகும் பாதை உங்களைக் கார் நிறுத்திய இடத்துக்கே கொண்டுவந்துவிடும்.

மதியம் முதலில் பேட்வாட்டர் உப்புவெளி, பிறகு ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ். வரிசையை மாற்றாதீர்கள்: ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் தெற்கிலிருந்து வடக்கே போகும் ஒருவழிச் சாலை, அதன் வண்ணப் பாறைகளும் பிற்பகல் வெயிலில்தான் துலங்கும். பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே, வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம். கார் நிறுத்துமிடத்தருகே உப்பு மிதிபட்டுத் தட்டையாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். அரை மைலாவது உள்ளே நடந்தால்தான் தேன்கூடு போன்ற உப்புக் கட்டங்கள் தெரியத் தொடங்கும்.

தேதி உங்கள் கையில் இருந்தால் அமாவாசையை ஒட்டி வாருங்கள். இருட்டு வானத்துக்காகச் சர்வதேச அங்கீகாரம் பெற்ற பூங்கா இது. இருட்டுக்குப் பழகிய கண் கலையாதிருக்கச் சிவப்பு வெளிச்ச டார்ச் போதும்.

இரண்டாம் நாள் விடியலை மெஸ்கீட் மணல்மேடுகளில் பாருங்கள். இங்கே பாதை என்று எதுவும் கிடையாது. மிக உயரமான மேடு சுமார் 100 அடி. போய்வர இரண்டு மைல்தான், ஆனால் மணலில் கால் புதைவதால் அதற்கு இரு மடங்கு அலுப்பு தெரியும். கார் எந்தத் திசையில் இருக்கிறது என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பக்கத்திலுள்ள மொசைக் கேன்யனுக்குப் போகலாம். முதல் கால் மைலிலேயே வெள்ளம் வழுவழுப்பாக்கிய பளிங்குச் சுவர்கள். வானம் கறுத்தால், தூரத்து மலையில் பெய்வதாகத் தெரிந்தாலும், உடனே வெளியேறுங்கள். இந்தக் கெட்டி மண் நீரை உறிஞ்சாது. 2022, 2023 ஆகஸ்ட் வெள்ளங்கள் சாலைகளையே அரித்தன. கிளம்பும் முன் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று பூங்காவின் இணையதளத்தில் பாருங்கள்.

பாறைகள் தாமாக நகர்ந்ததுபோல் தோன்றும் ரேஸ்ட்ராக் பிளாயா என்ற வறண்ட ஏரிப்படுகைக்குப் போக எல்லோருக்கும் ஆசை. முதல் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள். உபஹீபி எரிமலை வாயிலிருந்து 27 மைல் கரடுமுரடான சாலை. கூரிய கற்கள் சாதாரண டயரைக் கிழித்துவிடும், வாடகைக் காரில் முழு அளவு ஸ்டெப்னி இருப்பதும் அரிது. அதற்குத் தரையிலிருந்து உயர்ந்த வண்டியும், உறுதியான டயர்களும், தனியாக ஒரு முழு நாளும் வேண்டும்.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். கார் நின்றுபோனால் அதை விட்டு உதவி தேடி நடக்காதீர்கள். பானெட்டைத் திறந்து வைத்து, கார் நிழலிலேயே காத்திருங்கள். தேடி வருபவர்களுக்கு நடந்து போகும் ஆளைவிட நிற்கும் காரே முதலில் கண்ணில் படும்.