இரண்டு அட்டை, ஒரு ஸ்டாப்வாட்ச்: உங்கள் முதல் உளவியல் சோதனை

உளவியல் படிக்கத் தொடங்குகிறவர்கள் கருதுகோள் (சோதித்துப் பார்க்கப் போகும் ஊகம்), மாறி, சாய்வு (முடிவை ஒரு பக்கமாக இழுக்கும் பிழை) என்று வரையறைகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு சோதனையைத் தானே செய்து பார்த்தால்தான் அவையெல்லாம் எதற்கு என்று புரியும். அதற்கு ஏற்றது, அமெரிக்க உளவியலாளர் ஜே. ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட வண்ணச் சோதனை.

முதல் படி: கேள்வி

‘சிவப்பு’ என்ற சொல் பச்சை மையில் எழுதப்பட்டிருக்கிறது. மையின் நிறம் என்ன என்று கேட்டால், வாயில் ‘சிவப்பு’ என்றுதான் வரப் பார்க்கும். வாசிப்பு நம்மைக் கேட்காமலே நடந்துவிடுகிறது. எனவே நம் கருதுகோள்: வெறும் வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்வதைவிட, இப்படி முரண்பட்ட சொற்களின் மை நிறத்தைச் சொல்ல அதிக நேரமாகும். நீங்கள் மாற்றுவது அட்டையை, அது சாரா மாறி. அளப்பது நொடிகளை, அது சார்ந்த மாறி.

இரண்டாம் படி: அட்டைகள்

ஓர் அட்டையில் 20 வண்ணக் கட்டங்கள், இன்னொன்றில் 20 முரண்பட்ட சொற்கள். ஒவ்வொரு நிறமும் ஐந்து முறை, வரிசை கலைந்திருக்க வேண்டும். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு போதும். மஞ்சள் வேண்டாம். வெள்ளை அட்டையில் மஞ்சள் எழுத்து சரியாகத் தெரியாது. ஒருவர் தாமதித்தால், சொல் குறுக்கிட்டதா, கண்ணுக்குத் தெரியவில்லையா என்று பிரிக்கவே முடியாது. ஊதாவும் வேண்டாம், சிலர் நீலத்தையே ஊதா என்பார்கள். இப்படி உள்ளே புகுந்து குழப்புவதைத்தான் குறுக்கிடும் மாறி என்கிறோம்.

மூன்றாம் படி: யார் எதை முதலில்

எல்லோருக்கும் சொல் அட்டையை இரண்டாவதாகக் கொடுத்தால், களைப்போ பழக்கமோ முடிவில் கலந்துவிடும். பாதிப் பேருக்கு ஒரு வரிசை, மீதிப் பேருக்கு மறு வரிசை. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், உங்கள் மனம் முடிவு செய்யக் கூடாது.

நான்காம் படி: ஒப்புதல்

என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரமாகும், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று தொடங்கும் முன்பே சொல்லுங்கள். 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையில், இன்னொருவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிய பங்கேற்பாளர்கள் தயங்கியபோது, தொடர்ந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டார்கள். அப்படி ஒருவரைக் கட்டிப்போட எந்த ஆய்வுக்கும் உரிமை கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிறுவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நிறங்களைப் பிரித்தறியச் சிரமம் உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள், நாலு பேர் முன்னால் வேண்டாம்.

ஐந்தாம் படி: உங்களையே கண்காணியுங்கள்

இதுதான் கடினமான படி. பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904-இல் ஒரு குழு ஆராய்ந்து, இதில் ஏமாற்று வேலை இல்லை என்றது. அப்புறம் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர், கேட்பவருக்கே விடை தெரியாதபடி கேள்விகளை அமைத்தார். குதிரை திணறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை அவரையறியாமலே இம்மியளவு நிமிர்ந்திருக்கிறது. ஹான்ஸ் அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது.

யாரும் பொய் சொல்லவில்லை, எதிர்பார்ப்பு உடம்பு வழியாகக் கசிந்திருக்கிறது. நமக்கும் அதேதான். சொல் அட்டைக்கு அதிக நேரமாகும் என்று நம்புகிற கட்டைவிரல், பொத்தானைக் கொஞ்சம் தாமதமாக அழுத்தும். ஆகவே கருதுகோள் தெரியாத ஒரு நண்பரிடம் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, அட்டைக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். விளக்கத்தை ஒரு தாளில் எழுதி, எல்லோருக்கும் ஒரே மாதிரி வாசியுங்கள்.

ஆறாம் படி: பதிவு

தப்பான நிறம் சொன்னால் திருத்திச் சொல்ல வைப்பதா, நடுவில் போன் அடித்தால் அந்த அளவைச் சேர்ப்பதா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வையுங்கள். அளவுகளைப் பார்த்த பிறகு விதி போட்டால், கருதுகோளுக்கு ஒத்து வராத எண்கள்தான் முதலில் கழியும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். பங்கேற்பவரின் பெயருக்குப் பதில் எண் போதும்.

சராசரியை ஒப்பிடுங்கள். 100 கட்டங்களின் நிறம் சொல்ல ஸ்ட்ரூப்பின் சோதனையில் பங்கேற்ற மாணவர்களுக்குச் சராசரியாக 63.3 நொடி, 100 சொற்களின் மை நிறம் சொல்ல 110.3 நொடி. உங்களுக்கு வித்தியாசம் குறைவாக வந்தால் மறைக்க வேண்டாம், யாரைச் சோதித்தீர்கள் என்று பாருங்கள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களை அந்தச் சொற்கள் அவ்வளவாகக் குழப்பாது. கல்லூரி நண்பர்களை மட்டும் சோதித்துவிட்டு ‘மனித மனம் இப்படித்தான்’ என்று எழுதவும் கூடாது.

எல்லாம் முடிந்ததும் பங்கேற்றவரிடம் நோக்கத்தை விளக்குங்கள். திக்கித் திணறியவர் முகம் வாடி உட்கார்ந்திருப்பார். அவர் தடுமாறியது வாசிப்பு அவருக்கு அத்தனை பழகிவிட்டதால்தான் என்று சொல்லி அனுப்புங்கள்.