எதற்கெடுத்தாலும் 10 மைக்ரோமோலார்: ஃபோர்ஸ்கோலின் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கன் செடியின் வேர்க்கிழங்கில் இருந்து கிடைப்பது ஃபோர்ஸ்கோலின். 1970களில் பம்பாயில் இருந்த ஹெக்ஸ்ட் ஆய்வு மையம் இதைப் பிரித்தெடுத்தது. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை உருவாக்கும் அடினைலேட் சைக்ளேஸ் நொதியை இது நேரடியாகத் தூண்டுகிறது என்று சீமன், பாட்ஜெட், டேலி மூவரும் 1981இல் காட்டினார்கள். அன்றிலிருந்து செல் ஆய்வுக்கூடங்களின் ஃப்ரீசர்களில் இதற்கு நிரந்தர இடம். ஹார்மோனும் வேண்டாம், ஏற்பியும் வேண்டாம். செல் வளரும் மீடியத்தில் சேர்த்த சில நிமிடங்களில் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி ஏறிவிடும்.

இவ்வளவு எளிதாக வேலை செய்வதால்தான் இதை யோசிக்காமல் பயன்படுத்துகிறார்கள். "10 மைக்ரோமோலார், 30 நிமிடம்" என்று ஏதோ ஒரு பழைய கட்டுரையில் இருக்கும். அதுவே அடுத்த மாணவரின் நோட்டுக்கும் போகும். அந்த அளவு எந்தக் கேள்விக்காக, எந்தச் செல்லுக்காக வைக்கப்பட்டது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கீழே வரும் தவறுகளில் பலவும் அங்கிருந்து கிளம்புபவை.

தூளும் ஸ்டாக்கும்

முதலில், கடையில் கிடைக்கும் எடைக்குறைப்பு மாத்திரையைப் பிரித்துக் கரைத்துச் செல்லுக்குக் கொடுப்பது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இது நடக்கிறது. அந்தத் தூள் பெரும்பாலும் 10 அல்லது 20 சதவீதம் ஃபோர்ஸ்கோலின் உள்ள சாறு. மீதி 80, 90 சதவீதத்தில் அதே செடியின் பிற டைடெர்பீன்களும் நிரப்புப் பொருள்களும் இருக்கும். கிடைக்கும் விளைவை எதன் கணக்கில் எழுதுவது? 98 சதவீதத்துக்கு மேல் தூய்மை உள்ளதாகப் பகுப்பாய்வுச் சான்றுடன் வரும் பொருளைத்தான் வாங்க வேண்டும்.

கிழங்கில் இருந்து தாங்களே பிரித்தெடுப்பவர்கள் பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியை 254 நானோமீட்டரில் ஓடவிட்டு ஏமாறுவார்கள். ஃபோர்ஸ்கோலினில் அந்த அலைநீளத்தை நன்றாக உறிஞ்சும் பகுதி இல்லை. 210 முதல் 220 நானோமீட்டர் வரை வைத்தால்தான் சிகரம் தெரியும். 254இல் பெரிதாகத் தெரிவதெல்லாம் உடன் வந்த அசுத்தங்கள். இலக்கியம் தேடும்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: லக்னோ மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் இதே பொருளைக் கோலியோனால் என்ற பெயரில் வெளியிட்டது. செடிக்கும் கோலியஸ் ஃபோர்ஸ்கோலி, கோலியஸ் பார்பேட்டஸ், பிளெக்ட்ராந்தஸ் பார்பேட்டஸ் என்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன.

மூலக்கூறு எடை 410.5. ஐந்து மில்லிகிராம் குப்பியில் 1.22 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை விட்டால் 10 மில்லிமோலார் ஸ்டாக், அதாவது பிறகு நீர்த்துப் பயன்படுத்தும் அடர்கரைசல். திறப்பதற்கு முன் குப்பி அறை வெப்பநிலைக்கு வர வேண்டும். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும். ஃபோர்ஸ்கோலின் தண்ணீரில் சரியாகக் கரையாத பொருள் என்பதால் ஈரம் ஏறிய ஸ்டாக் நாளடைவில் கலங்கும். மூடியில் ஒட்டிய தூள் கீழே இறங்க ஒருமுறை சுழற்றிவிடுங்கள். 20 அல்லது 50 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள்.

அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, பாதி உருகிய ஸ்டாக்கில் இருந்து எடுப்பது. டிஎம்எஸ்ஓ 18 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும், ஏசி அறையில் மெதுவாகத்தான் உருகும். அவசரத்தில் மேலே உருகிய பகுதியை மட்டும் பைப்பெட்டில் எடுத்தால் அதன் செறிவு குழாயில் எழுதிய எண்ணாக இருக்காது. முழுதும் உருகி, வோர்டெக்ஸ் செய்து, சிறிதாகச் சுழற்றிய பிறகே எடுக்க வேண்டும். இரண்டு நாள் சோதனைகள் ஒத்துப்போகவில்லை என்றால் செல்லைக் குறை சொல்லும் முன் இதைச் சரிபாருங்கள்.

மீடியத்தில் சேர்க்கும்போது

ஸ்டாக்கை நேராக, செல்கள் இருக்கும் தட்டுக்குழியான வெல்லின் ஓரத்தில் ஒரு மைக்ரோலிட்டர் விட்டுவிட்டுப் போவது தவறு. விழுந்த இடத்தில் செறிவு எகிறி, நுண்ணிய படிவாக இறங்கும்; அந்த இடத்துச் செல்களுக்கு டிஎம்எஸ்ஓவும் அளவுக்கு மீறிக் கிடைக்கும். 37 டிகிரிக்குச் சூடாக்கிய மீடியத்தில் இரு மடங்குச் செறிவில் கலந்து, வெல்லில் 100 மைக்ரோலிட்டர் இருந்தால் அதன் மேல் இன்னொரு 100 சேர்ப்பதே சீரான வழி. இந்த நீர்க்கரைசலை அன்றன்றைக்குத்தான் தயாரிக்க வேண்டும். காரத்தன்மை கூடிய பஃபரில் நெடுநேரம் வைத்தால் 7ஆம் இடத்து அசிட்டைல் தொகுதி 6ஆம் இடத்துக்கு நகர்ந்து வேறு பொருளாகிவிடும்.

செறிவு வரிசை போடும்போது 10 மில்லிமோலார் ஸ்டாக்கில் இருந்து, ஒரு மில்லிலிட்டர் மீடியம் உள்ள வெல்களில் ஒன்றுக்கு 1 மைக்ரோலிட்டர், மற்றொன்றுக்கு 3, இன்னொன்றுக்கு 5 என்று விடுகிறார்கள். அப்போது டிஎம்எஸ்ஓவும் 0.1இல் இருந்து 0.5 சதவீதத்துக்கு ஏறுகிறது. ஒப்பீட்டுக்கான கன்ட்ரோல் வெல்லில் 0.1 மட்டும் இருக்கும். வரிசையை டிஎம்எஸ்ஓவிலேயே தயாரித்து, எல்லாவற்றையும் ஒரே ஆயிரம் மடங்கு நீர்த்தால் எந்த வெல்லிலும் 0.1தான். சைக்ளிக் ஏஎம்பி சிதைவதைத் தடுக்கக் கூடவே சேர்க்கும் ஐபிஎம்எக்ஸும் டிஎம்எஸ்ஓவில் வருகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டையும் கூட்டித்தான் கன்ட்ரோலுக்குக் கொடுக்க வேண்டும்.

நிறுத்தும் நொடி

சைக்ளிக் ஏஎம்பியை அளக்கப் போகிறவர்கள் பழக்க தோஷத்தில் செல்லைப் பிபிஎஸ் உப்புக்கரைசலில் இருமுறை கழுவிவிட்டு உடைக்கிறார்கள். ஃபோர்ஸ்கோலின் இறுகப் பிணையாது, கழுவினால் போய்விடும். ஆனால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் (பிடிஇ) நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. கழுவும் அந்த ஓரிரு நிமிடத்தில் நீங்கள் அளக்க வந்ததே கரைந்துகொண்டிருக்கும். மீடியத்தை உறிஞ்சி எடுத்த கையோடு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுங்கள். அது செல்லை உடைக்கும், நொதிகளையும் அடக்கும். வாங்கிய கிட் செல்லை உடைக்க வேறு லைசிஸ் பஃபர் சொன்னால் அதையே பயன்படுத்துங்கள். எப்படியும் இடையில் கழுவல் வேண்டாம்.

எப்போது நிறுத்துவது என்பது எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சைக்ளிக் ஏஎம்பிக்கு 5 முதல் 15 நிமிடம், மரபணுக்களை இயக்கும் கிரெப் புரதத்தின் பாஸ்பேட் ஏற்றத்துக்கு 10 முதல் 30 நிமிடம், அந்த இயக்கத்தை ஒளியாகக் காட்டும் சிஆர்இ லூசிஃபெரேஸுக்கு 4 முதல் 6 மணி நேரம் என்று வைத்துத் தொடங்கலாம். 24 மணி நேரம் ஊறவைத்துவிட்டு "ஃபோர்ஸ்கோலினின் நேரடி விளைவு" என்று எழுதுவது சரியில்லை. அதற்குள், சைக்ளிக் ஏஎம்பி தூண்டும் கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) ஆன பிகேஏ, சிதைக்கும் நொதிகளில் ஒன்றான பிடிஇ 4ஐ முடுக்கிச் சைக்ளிக் ஏஎம்பியை இறக்கியிருக்கும். ஐசிஇஆர் போன்ற அடக்கிப் புரதங்களும் உருவாகியிருக்கும்.

ஐபிஎம்எக்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 100 முதல் 500 மைக்ரோமோலார் வரை 15 நிமிடம் முன்னதாகக் கொடுத்தால் சிதைவு குறைந்து சமிக்ஞை பெரிதாகும். ஆனால் அது அடினோசின் ஏற்பிகளையும் தடுக்கும், சைக்ளிக் ஜிஎம்பியையும் ஏற்றும், பிடிஇ 8ஐத் தொடாது. ஐபிஎம்எக்ஸ் மட்டும் கொடுத்த வெல் ஒன்று கட்டாயம் வேண்டும். ஏறிய சைக்ளிக் ஏஎம்பி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதே கேள்வியானால் ஐபிஎம்எக்ஸைத் தொடவே கூடாது.

ஜிஐ ஏற்பிகள்: அதிகம் சறுக்கும் இடம்

மியூ ஓபியாய்டு ஏற்பி போன்ற, அடினைலேட் சைக்ளேஸை அடக்கும் ஜிஐ புரதத்தின் வழி இயங்கும் ஜிஐ வகை ஏற்பிகள் சைக்ளிக் ஏஎம்பியைக் குறைப்பவை. சும்மா இருக்கும் செல்லில் குறைப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் முதலில் ஃபோர்ஸ்கோலினால் ஏற்றி, பிறகு ஏற்பியின் மருந்து அதை எவ்வளவு இறக்குகிறது என்று பார்க்கிறோம். நிறைய ஏற்றினால் இறக்கம் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர் எதிர்.

ஃபோர்ஸ்கோலின் உச்சத்தில் இருக்கும்போது நொதியை ஜிஐயால் சிறிதளவுதான் அடக்க முடியும். அதோடு அளவீட்டு முறையும் நிரம்பிவிடுகிறது. எச்டிஆர்எஃப் போன்ற, செல்லின் சைக்ளிக் ஏஎம்பி குறியிட்ட சைக்ளிக் ஏஎம்பியோடு போட்டியிடும் ஒளி அளவீடுகளில் சைக்ளிக் ஏஎம்பி கூடக்கூட ஒளி குறையும். வளைகோட்டின் அடித்தட்டையில் போய் உட்கார்ந்துவிட்டால், உண்மை அளவு பாதியாகக் குறைந்தாலும் கருவி காட்டும் எண் அசையாது. மாணவர் "ஏற்பி வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டி, ஏற்பியின் மரபணுவைச் சுமக்கும் புதிய பிளாஸ்மிட் செய்யப் போய்விடுவார்.

செய்ய வேண்டியது இதுதான். சோதனைக்குப் பயன்படுத்தப் போகும் அதே செல், அதே பாசேஜ் (வளர்ப்பில் எத்தனையாவது பிரிப்பு என்ற எண்), அதே எண்ணிக்கை. 0.01 முதல் 30 மைக்ரோமோலார் வரை அரை லாக் (சுமார் மூன்று மடங்கு) இடைவெளியில் ஃபோர்ஸ்கோலின் வரிசை. 384 வெல் பிளேட்டானால் வெல்லுக்கு 1000, 3000, 10000 என்று மூன்று செல் எண்ணிக்கையில் இதைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றையும் தெரிந்த சைக்ளிக் ஏஎம்பி நியம வளைகோட்டோடு ஒப்பிட்டு, கருவியின் எண்ணைச் செறிவாக மாற்றிய பிறகே வரைபடம் போட வேண்டும். கருவி தரும் விகிதத்தை அப்படியே வரைந்தால் பாதி விளைவுச் செறிவு (உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு) இடம் மாறித் தெரியும்.

பிறகு, நியம வளைகோடு செங்குத்தாக இருக்கும் பகுதியில் விழும் செல் எண்ணிக்கையையும், உச்ச விளைவில் 70 முதல் 80 சதவீதம் தரும் ஃபோர்ஸ்கோலின் செறிவையும் தேர்ந்தெடுங்கள். செறிவு-விளைவு வளைகோட்டின் சரிவு எண் 1 என்றால் 80 சதவீதச் செறிவு என்பது பாதி விளைவுச் செறிவின் நான்கு மடங்கு. ஒரு செல்லில் பாதி விளைவு 2 மைக்ரோமோலாரில் கிடைத்தால் 8 போட வேண்டும். இன்னொரு செல்லில் அது 0.3 என்றால் 1.2 போதும். இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 10 போட்டால், முதலாவதில் தப்பிக்கலாம், இரண்டாவதில் முடியாது. செல் எண்ணிக்கை மாறினால் இந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். அலுப்பாக இருக்கும்தான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும் ஜிஎஸ் ஏற்பிகளில் தவறு வேறு மாதிரி. "ஃபோர்ஸ்கோலின் தந்ததை 100 சதவீதமாக வைத்துக்கொள்கிறோம்" என்று எழுதுவார்கள். அது கூரை அல்ல. நொதியின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஃபோர்ஸ்கோலின் உட்காருகிறது என்று 1997இல் வெளியான படிக அமைப்பு காட்டியது. ஜிஎஸ் புரதத்தின் ஆல்ஃபா பகுதி பிணைவது வேறு இடத்தில். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று வலுப்படுத்தும். தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையைத் தாண்டிவிடும். எனவே சதவீதம் 100ஐத் தாண்டினால் கருவியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

டிஎம்எஸ்ஓ மட்டும் கன்ட்ரோல் ஆகாது

பெரும்பாலான கட்டுரைகளில் இருக்கும் ஒரே கன்ட்ரோல் டிஎம்எஸ்ஓ. அது கரைப்பானுக்கான கன்ட்ரோல், ஃபோர்ஸ்கோலினுக்கானது அல்ல. இந்த மூலக்கூறு அடினைலேட் சைக்ளேஸைத் தொடாமலே செய்யும் வேலைகள் பல. குளுக்கோஸ் கடத்திப் புரதங்களை அடைக்கிறது. மின்னழுத்தத்தால் திறக்கும் பொட்டாசியம் வாயில்கள் மீது அது காட்டும் விளைவுக்குச் சைக்ளிக் ஏஎம்பி தேவையில்லை என்று பிசி 12 என்ற எலி செல்களில் 1988இலேயே காட்டிவிட்டார்கள். கல்லீரல் செல்களில் பிஎக்ஸ்ஆர் என்ற கரு ஏற்பியைத் தூண்டி, மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் உற்பத்தியைக் கூட்டும்.

இவற்றைப் பிரித்துக் காட்ட 1,9-டைடீஆக்ஸிஃபோர்ஸ்கோலின் இருக்கிறது. அடினைலேட் சைக்ளேஸைத் தூண்டாது, ஆனால் மேலே சொன்ன பக்க வேலைகளைச் செய்யும். அதே செறிவில், அதே நேரத்துக்கு ஒரு வரிசை போடுங்கள். இரண்டும் ஒரே விளைவைத் தந்தால் உங்கள் கதையில் சைக்ளிக் ஏஎம்பிக்கு இடமில்லை. குளுக்கோஸ் உறிஞ்சுதலை அளப்பவர்களும் நரம்புச் செல்களில் மின்னோட்டம் பதிவு செய்பவர்களும் இது இல்லாமல் ஃபோர்ஸ்கோலினைத் தொடக் கூடாது என்பது எங்கள் கருத்து. விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் கட்டுரை திரும்பி வந்த பிறகு வாங்குவதற்கு முதலிலேயே வாங்கிவிடலாம்.

சைக்ளிக் ஏஎம்பிதான் காரணம் என்று உறுதியான பிறகும் அடுத்த தாவல் காத்திருக்கிறது: "எனவே பிகேஏ". சைக்ளிக் ஏஎம்பி பிணையும் ஈபேக் புரதங்கள் 1998இலேயே தெரிந்துவிட்டன. சைக்ளிக் நியூக்ளியோடைடால் திறக்கும் அயனி வாயில்களும் உண்டு. பிகேஏ தடுப்பானான எச் 89 போட்டதும் விளைவு போய்விட்டது என்பது போதுமான சான்றல்ல, அது ராக், எஸ் 6 கைனேஸ் போன்ற வேறு கைனேஸ்களையும் அடக்கும். பிகேஏவைத் தடுக்கும், செல்லுக்குள் நுழையும்படி மாற்றிய பிகேஐ பெப்டைடையோ ஆர்பி வகைச் சைக்ளிக் ஏஎம்பியையோ இரண்டாவது சான்றாக வையுங்கள்.

குடல் ஆர்கனாய்டுகள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோயின் ஆய்வில் ஃபோர்ஸ்கோலின் கொடுத்துக் குடல் ஆர்கனாய்டு (குடல் செல்களால் வளர்த்த சிறு உருண்டை) வீங்குகிறதா என்று பார்க்கும் முறை 2013இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் இருந்து வந்தது. அந்த நோயில் பழுதாகும் சிஎஃப்டிஆர் என்ற அயனி வாயில் வேலை செய்தால் உள்ளே நீர் புகுந்து உருண்டை பெருக்கும். இங்கே 0.02 முதல் 5 மைக்ரோமோலார் வரை வரிசையாகப் போடுவது வழக்கம். 5 மட்டும் போட்டால், வாயில் ஓரளவு வேலை செய்யும் மாதிரிகள் எல்லாம் உச்சத்துக்கு வீங்கி, மருந்துகளுக்கு இடையே வேறுபாடு தெரியாமல் போகும். ஆரோக்கியமானவரின் ஆர்கனாய்டு முன்பே வீங்கியிருக்கும், அதில் கூடுதல் வீக்கம் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தால் சில உருண்டைகள் வெடித்து, சராசரிப் பரப்பு குறைந்ததாகக் காட்டும்.

பதில் வரவில்லை என்றால்

ஃபோர்ஸ்கோலினுக்குப் பதில் இல்லை, ஆகவே இந்தச் செல்லில் சைக்ளிக் ஏஎம்பிக்கு வேலை இல்லை என்று எழுதுவதும் அவசர முடிவுதான். செல் சவ்வில் இருக்கும் அடினைலேட் சைக்ளேஸின் ஒன்பது வகைகளில் ஒன்பதாவது, ஃபோர்ஸ்கோலினை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. சவ்வில் ஒட்டாமல் இருக்கும் கரையும் அடினைலேட் சைக்ளேஸுக்கும் அதே குணம். அதைத் தூண்டுவது பைகார்பனேட். விந்தணுவில் முக்கிய வேலையைச் செய்வது இந்த நொதிதான். விந்தணு ஆய்வில் ஃபோர்ஸ்கோலினை நேர்மறைக் கன்ட்ரோலாக வைத்துக் குழம்புகிறவர்கள், மீடியத்தில் பைகார்பனேட் இல்லாத வரிசை ஒன்றும் 25 மில்லிமோலார் சேர்த்த வரிசை ஒன்றும் போட்டுப் பார்க்கட்டும். இரண்டிலும் அமிலகாரத் தன்மை ஒன்றாக இருக்க வேண்டும். பைகார்பனேட் சேர்த்த வரிசையை 5 சதவீத கார்பன் டைஆக்சைடு இன்குபேட்டரிலும், சேர்க்காததை ஹெபிஸ் பஃபருடன் சாதாரணக் காற்றிலும் வையுங்கள்.