ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும்னு விடாதீங்க: பிள்ளைகளின் நோயிலும் தடுப்பூசியிலும் நாம் செய்யும் தவறுகள்

“அம்மை ஒரு தடவை வந்துட்டா நல்லது, அப்புறம் ஆயுசுக்கும் வராது.” இதைப் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்போம். அவர்கள் சொன்னபோது, வந்துவிட்ட நோய்க்கு ஒரு ஆறுதலாகச் சொன்னார்கள். இப்போது அதையே யூடியூபில் மைக் முன்னால் உட்கார்ந்து சொல்கிறவர்கள், ஊசியே வேண்டாம், நோயை வரவிடுங்கள், உடம்பு தானாக எதிர்ப்புச் சக்தியைச் சம்பாதித்துக்கொள்ளும் என்று சிபாரிசாகச் சொல்கிறார்கள். முதல் தவறு இதை நம்புவது. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

பாட்டி சொன்னதில் உண்மை இருக்கிறது. 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை புகுந்து, எட்டாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊர்களில் ஏறக்குறைய 6,000 பேரைப் படுக்கவைத்தது. அதை ஆராயப் போன பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: 1781-இல் அங்கே வந்த தட்டம்மையில் சிறுவயதில் விழுந்து எழுந்த கிழவர்களில், அவர் விசாரித்தவரை, ஒருவருக்குக்கூட 65 வருஷம் கழித்து நோய் திரும்ப வரவில்லை. ஆக, தட்டம்மை வந்து பிழைத்தவருக்கு ஆயுள் முழுக்கக் காவல் என்பது சரிதான். ‘பிழைத்தவருக்கு’ என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் காணொளியில் மெல்ல விழுங்கிவிடுகிறார்கள்.

தட்டம்மை என்றால் உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்து போகிற சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்கிறோம். நிமோனியா, விடாத வயிற்றுப்போக்கு, கண் பார்வை போவது, மூளைக் காய்ச்சல் எல்லாம் அதோடு வரக்கூடியவை. அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு நோய் சரியாகிப் பல வருஷம் கழித்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் வயதில், மூளை படிப்படியாகச் சிதைய ஆரம்பிக்கும், அதைத் திருப்ப மருந்து கிடையாது. இதெல்லாம் போதாதென்று இன்னொரு வேலையும் செய்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத பிள்ளைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2019-இல் வெளியான ஆய்வில், மற்ற கிருமிகளுக்கு எதிராக அந்தப் பிள்ளைகள் அதுவரை சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது தெரிந்தது. எதிர்ப்புச் சக்தி வளரட்டும் என்று வரவிட்ட நோய், இருந்த எதிர்ப்புச் சக்தியையும் துடைத்துக்கொண்டு போகிறது. தடுப்பூசி போட்ட பிள்ளைகளிடம் இந்த இழப்பு இல்லை.

சில நோய்களில் அந்த ‘இயற்கை எதிர்ப்பு’ என்பதே கிடையாது. ரண ஜன்னியை (டெட்டனஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். உயிரைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பை உருவாக்கப் போதாத அளவுக்குச் சிறியது. அதனால்தான் ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்கும் ஊசி போட்டு அனுப்புகிறார்கள். தொண்டை அடைப்பானிலும் (டிப்தீரியா) அப்படித்தான், நோய் வந்து போனதை நம்ப முடியாது. வேலூரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வருஷம் பின்தொடர்ந்து, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பற்றி அங்குள்ள சி.எம்.சி. மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்று வந்துவிட்டது. மூன்று தடவை தொற்று வந்த பிறகும் நடுத்தரமான, கடுமையான பேதியிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். மூன்று முறை! கைக்குழந்தைக்கு ஒரு முறை பேதி பிடித்தாலே வீடு என்ன பாடுபடும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். தடுப்பூசி கொடுப்பது ஏதோ செயற்கையான எதிர்ப்பு என்று பேசுகிறார்கள். ஊசியில் இருப்பது கிருமியின் பலவீனமாக்கிய அல்லது கொன்ற வடிவம், அல்லது அதன் ஒரு துண்டு, அல்லது வீரியம் நீக்கிய அதன் நஞ்சு. அதைப் பார்த்து எதிர்ப்பை உருவாக்குவது பிள்ளையின் சொந்த உடம்புதான், நோய் வந்தால் செய்யும் அதே வேலை, நோய் மட்டும் இல்லை.

அடுத்தது, சத்தாகச் சாப்பிட்டால் ஊசி தேவையில்லை என்ற எண்ணம். தாய்ப்பால், கீரை, முட்டை, தூக்கம் எல்லாம் வேண்டும், சந்தேகமே இல்லை. சத்துக் குறைந்த பிள்ளைக்கு எந்த நோயும் கடுமையாக வரும். ஆனால் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கும் கக்குவான் இருமல் வரும், அந்தக் கிருமிக்குக் கன்னத்தைப் பார்க்கத் தெரியாது. தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, பாலாடையில் கறந்து, இதைக் கொடுத்தால் பிள்ளைக்குச் சளியே பிடிக்காது என்று விற்பார்கள். காய்ச்சாத பால், கழுவாத கை, பிறந்து சில வாரமே ஆன குழந்தை, யோசித்துப் பாருங்கள். பிறந்ததும் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைப்பதும் இதே வகைதான், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து கைகால்களைத் துவளவைக்கும். வசம்பை வளையலாகக் கையில் கட்டி அழகு பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உரசி நாக்கில் தடவுவதையும் மூக்கில் எண்ணெய் விடுவதையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சளி இருக்கிறது, லேசா உடம்பு சுடுகிறது, அடுத்த புதன்கிழமை பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அடுத்த புதன் ஊரில் கல்யாணம், அதற்கடுத்த புதன் மறுபடியும் சளி. லேசான சளி, இருமல், சின்னக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. நல்ல காய்ச்சல் அடித்துப் பிள்ளை சோர்ந்து கிடந்தால் மட்டும் தள்ளிப்போடலாம், அதையும் நீங்களே முடிவு செய்யாமல் கூட்டிக்கொண்டு போய் அங்கே செவிலியரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டுத்தான் போட வேண்டும், எடை ஏறட்டும் என்று காத்திருப்பது பெரும்பாலும் தேவையில்லாத காத்திருப்பு.

ஊசி போட்டு வந்த பிறகு நடக்கும் கூத்துகள் தனி. ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் வரலாம், தொடை வீங்கும், பிள்ளை அழும், ஓரிரு நாளில் அடங்கிவிடும். தொடையில் ஒரு சின்னக் கட்டி சில வாரம் இருந்தாலும் பயமில்லை. அதைத் தேய்த்து உருவிவிடுவதுதான் தப்பு. காசநோய்க்காகப் பிறந்ததும் இடது தோளில் போடும் பி.சி.ஜி. இன்னும் பயமுறுத்தும்: போட்ட அன்று ஒன்றுமே இருக்காது, மூன்று நான்கு வாரம் கழித்து ஒரு பரு கிளம்பும், பெரிதாகும், உடைந்து லேசாகச் சீழ் வரும், பிறகு காய்ந்து தழும்பாகும், எல்லாம் முடிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அதுதான் ஊசி வேலை செய்யும் விதம். மஞ்சள் பூசாதீர்கள், பிதுக்காதீர்கள், களிம்பு போடாதீர்கள், சும்மா விடுங்கள். அக்குளில் நெறி கட்டிப் பெரிதானால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான எம்.ஆர். ஊசிக்குப் பிறகு ஏழு முதல் பன்னிரண்டு நாளில் சில பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும் வரும், தானாகப் போய்விடும்.

பாராசிட்டமால் விஷயத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். காய்ச்சல் வரும் முன்பே கொடுக்க வேண்டாம், வந்தால் கொடுங்கள். அப்புறம், பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். சொட்டு மருந்து என்றால் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் என்றால் 5 மில்லியில் 120, 125 அல்லது 250. இரண்டும் பார்க்க ஒரே நிறம், ஒரே இனிப்பு. ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதுதான் கணக்கு, அதாவது 8 கிலோ குழந்தைக்கு 80 முதல் 120. சொட்டு மருந்தில் அது 1 மில்லி. போன தடவை சிரப்பில் 5 மில்லி கொடுத்த ஞாபகத்தில், இந்தத் தடவை சொட்டு மருந்திலும் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போகும். கல்லீரலைக் கெடுக்கும் தவறு இது, பக்கத்து வீட்டு அளவை ஒருபோதும் கடன் வாங்காதீர்கள்.

இனி அம்மை. வாசலில் வேப்பிலை செருகி, வெளியாளை உள்ளே விடாமல், பிள்ளையைத் தனியாகப் படுக்கவைத்து, இளநீரும் மோரும் கொடுக்கிற நம் வழக்கத்தில் எனக்கு மரியாதைதான் அதிகம். பரவாமல் தடுக்க அதைவிட நல்ல ஏற்பாடு பழைய காலத்தில் ஏது? ஆனால் ஆத்தா வந்திருக்கிறாள், மருந்தே தொடக்கூடாது என்று முழுசாகக் கதவைச் சாத்துவது சரியில்லை. முதலில் எந்த அம்மை என்று தெரிய வேண்டும். சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளங்கள் அலை அலையாக வரும். தட்டம்மையில் மூன்று நான்கு நாள் நல்ல காய்ச்சல், இருமல், ஒழுகும் மூக்கு, சிவந்த கண்கள், அதற்கப்புறம் காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும் தடிப்பு. தட்டம்மை என்றால் வைட்டமின் ஏ அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்க வேண்டும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஒரு லட்சம் யூனிட், அதற்கு மேல் இரண்டு லட்சம். கண்ணையும் உயிரையும் காக்கும் மலிவான மருந்து அது, வீட்டிலேயே மறைத்து வைத்தால் யார் கொடுப்பார்கள்? சின்னம்மையில் ஆஸ்பிரின் தரவே கூடாது, இபுப்ரோஃபென்னும் வேண்டாம். நகத்தை வெட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றும் நாள் வரை உடம்பைத் துடைக்காமல் வைத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கு ஏற்கெனவே சின்னம்மை வந்திருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அன்றைக்கே டாக்டரிடம் போகட்டும். மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, பிள்ளை பாலே குடிக்காமல் எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ, ஆத்தாளும் கோபித்துக்கொள்ள மாட்டாள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வாட்ஸ்அப்பை நம்பி நிறுத்துவது பெரிய தவறு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எம்.ஆர். ஊசி முகாம் தொடங்கியபோது வந்த ஃபார்வர்டுகள் நினைவிருக்கும், ஊசி நாளன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகள் எத்தனை! பயம் எப்போதும் காற்றிலிருந்து பிறப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பசிபிக் கடலிலுள்ள சமோவா தீவு நாட்டில் 2018-இல் தட்டம்மை ஊசிப் பொடியைத் தண்ணீருக்குப் பதில் தவறான மருந்தில் கலந்து போட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. குற்றம் கலந்தவர்கள் மேல், ஊசியின் மேல் இல்லை. ஆனால் ஜனங்கள் ஊசியையே விட்டார்கள், அரசும் பல மாதம் நிறுத்தி வைத்தது. அடுத்த வருஷம் தட்டம்மை வந்து, இரண்டு லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். கேள்வி கேட்பதில் தப்பில்லை. செவிலியரிடம் மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லலாம்: அதன் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை, சதுரமும் கறுத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அதைப் போடக்கூடாது. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள், மிக அபூர்வமாக வரும் ஒவ்வாமை வந்தால் அங்கேயே மருந்து இருக்கும். பஸ் போய்விடும் என்று ஓடாதீர்கள்.

கடைசியாக, முதல் வருஷத்தோடு முடிந்துவிட்டது என்ற நினைப்பு. ஒன்பதாம் மாதம் போடும் எம்.ஆர். ஊசி 100 பிள்ளைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும், மீதிப் பேருக்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. உங்கள் பிள்ளை அந்த 85-இல் இருக்கிறதா, 15-இல் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. போலியோ சொட்டு மருந்து நாளில் சொட்டு போட்டதால் மற்றதெல்லாம் போட்டதாக ஆகாது. ஐந்து வயதில் முத்தடுப்பு ஊசி இருக்கிறது, பத்திலும் பதினாறிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டி.டி. இருக்கிறது. கேரளத்தின் மலப்புரத்தில் 2015, 2016-இல் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து உயிர்களை எடுத்தபோது அதில் பதின்வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி இரண்டுக்கும் அரசுப் பட்டியலில் ஊசி இல்லை, தனியாரிடம்தான் போட வேண்டும், வசதியிருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இடைவெளி எத்தனை மாதமானாலும் போட்ட ஊசி வீணாகாது. திட்டுவார்களோ என்று வெட்கப்பட்டே போகாமல் இருப்பவர்கள் உண்டு, திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், என்ன இப்போ. ஆனால் ரோட்டா சொட்டு மருந்தை ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும், எம்.ஆர். ஐந்து வயது வரை அரசிடம் கிடைக்கும். போகும்போது தாய் சேய் நல அட்டையை எடுத்துப் போங்கள், அதற்கு முன்னால் அதன் ஊசிப் பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள், வீடு மாறும்போது முதலில் தொலைவது அந்த அட்டைதான்.