சிங்கிள் வெளியிடும் அவசரத்தில் நாங்கள் விட்ட பிழைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் எங்கள் பேண்ட் ஒத்திகை பார்த்த பாட்டு, அல்பம் இல்லாமல் தனியாக வெளியிடும் சிங்கிள். மாஸ்டரிங், அதாவது கடைசி ஒலி மெருகேற்றல், முடிந்த மூன்றாம் நாளே வெளியே விட்டோம். முதல் பிழை அதுதான். இசைச் செயலியான ஸ்பொட்டிஃபையில் பாட்டுப் பட்டியல் போடும் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு இன்னும் வெளிவராத பாட்டை மட்டுமே அனுப்பலாம். குறைந்தது 7 நாளுக்கு முன்பே அனுப்பிவிட்டால், நம்மைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலிலும் அது போய் விழும். பாட்டைச் செயலிகளுக்கு அனுப்பித்தரும் விநியோகஸ்தர் ஊடாக அது அங்கே சேரவும் நாளெடுக்கும். ஆகவே ஒரு மாதம் பொறுங்கள். கஷ்டம்தான், எங்கள் டிரம்மர் இரண்டாம் நாளே வாட்ஸ்அப்பில் ஊருக்கே அனுப்பிவிட்டார்.

பேண்டின் பெயரிலோ பாட்டின் பெயரிலோ ழகரம் வந்தால் இன்னொரு தலைவலி. அதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஒரே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் வையுங்கள், இல்லாவிட்டால் தேடுபவர் கையில் வேறு யாருடைய பாட்டோ சிக்கும்.

பெரிய ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு மிக்ஸிங்குக்கு, அதாவது குரலையும் கருவிகளையும் அளவாகக் கலப்பதற்கு, சரி சொல்லாதீர்கள். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் காலி வீதியில் இரைச்சலான 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, மலிவான இயர்போனில் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. வெளியான பிறகு சொந்தக்காரர் எல்லாரும் "சூப்பர் தம்பி" என்றார்கள். ஒரே ஒரு நண்பன்தான் சொன்னான்: "கிட்டார் நல்லாருக்கு, வரி ஒண்டும் விளங்கேல்ல." பாடகர் இரண்டு கிழமை அவனோடு கதைக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது சரி. ஆங்கில ரொக் பாடகர்களைப் போல வாயை இழுத்துப் பாடியதில் மெய்யெழுத்துகள் கரைந்துவிட்டன, மிச்சத்தை கிட்டார் விழுங்கிவிட்டது. பாராட்டை எண்ணிக்கொண்டிருந்திருந்தால் இது தெரிந்தே இராது.

முகப்பு இசை 50 செக்கன் வைத்ததும் எங்கள் கெட்டித்தனம்தான். 30 செக்கன் கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கில் வரும்; பலர் பாடகர் வாய் திறக்கும் முன்பே அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

காசுக்கு ஸ்ட்ரீம் வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களை அப்படியே அனுப்பிவிடுங்கள். 2024 முதல், 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமை எட்டாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபையில் ரோயல்டி (பாட்டுக்கான வருமானப் பங்கு) இல்லை என்பது உண்மை. அதற்காகப் போலி எண்ணிக்கை வாங்கினால் பாட்டே தூக்கப்படலாம்.

அப்புறம், வெளியீட்டு இரவுக்கு நாள் குறிக்கும் முன் கலண்டரைப் பாருங்கள். இலங்கையில் பௌர்ணமி விடுமுறையான போயா அன்று மது விற்க முடியாது, பேண்ட் வாசிக்கும் பல இடங்கள் பூட்டியே கிடக்கும். நாங்கள் குறித்தது வெசாக் போயாவை.