மலேசியாவுக்கு ஊழியம் செய்யப் போகிறீர்களா?

ராயபுரம், பெரம்பூர் பக்கத்துச் சபைகளிலிருந்து வீடு வீடாக ஊழியம் செய்ய மலேசியா போகிறவர்கள் கவனிக்க. இங்கே குழாயடியில் நின்றுகூட யாரிடமும் பேசிவிடலாம். அங்கே அது நடக்காது. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 11(4) பிரிவு சொல்கிறது. பல மாநிலங்களில் அப்படிச் சட்டமும் இருக்கிறது. அதனால் தெருவில் போவோர் வருவோர் கையிலெல்லாம் கைப்பிரதியைத் திணிக்கவே வேண்டாம். உள்ளூர்ச் சபையார் ஒருவர் முன்னே போகட்டும், எந்த வீட்டில் யார் என்று அவருக்குத்தான் தெரியும். சுற்றுலா விசா இதற்குச் செல்லுமா என்பதை டிக்கெட் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், கேட்டுக்கு வெளியே நின்றே குரல் கொடுங்கள், உள்ளே நாய் இருக்கலாம். மத்தியானத்துக்கு மேல் அடிக்கடி மழை பிடித்துக்கொள்ளும், குடை அவசியம்.