தோல் கழிவுநீரைச் சுத்திகரிப்பது எப்படி? கலக்காமல் தொடங்குங்கள்

நெல்லைச் சீமையில் ஓடைத் தண்ணீர் கடைசியில் ஒரு குளத்தில் சேரும், இல்லையென்றால் தாமிரபரணியில் சேரும். நாம் குடிப்பது அதைத்தான். கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லும் விளைவதும் அதில்தான். ஆகவே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஆட்டுத்தோல் பதனிடச் சின்னக் கொட்டகை போட நினைப்பவர்கள், தோலுக்கு முன்னால் தண்ணீரைப் பழக வேண்டும். பாலாற்றங்கரையில் தோல் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது. அந்த நிலை இங்கே வரவே கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவை வாங்கிவிட்டே தொட்டி கட்டுங்கள்.

முதல் வேலை, உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். ஊறப்போடும் முன் ஒவ்வொரு தோலையும் மரச்சட்டத்தில் அடித்து உதறுங்கள். உதிர்ந்ததைக் கூட்டி மூட்டையில் கட்டிவிடுங்கள். கரைந்த உப்பைப் பின்னால் போடும் படிகாரமும் பிரிக்காது, நுண்ணுயிரும் தின்னாது. வெளியே விடும் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி.

அடுத்து ஊறல் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், பட்டைத் தண்ணீர் மூன்றுக்கும் தனித்தனித் தொட்டி. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முடி கழல்வதற்காகச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அதில் புளிப்பான எது கலந்தாலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஆள் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் வெறுமனே இறங்கினால் இரண்டு உயிர் போகும். பட்டைத் தண்ணீரும் புளிப்புத்தான், மறக்க வேண்டாம்.

சரி, சல்பைடை எப்படிப் போக்குவது? சல்லடையில் முடியையும் சவ்வையும் வடித்துவிட்டு, கொஞ்சம் மாங்கனீஸ் சல்பேட் சேர்த்து, பம்பு வைத்துக் காற்று விடுங்கள். சல்பைடு மிச்சமிருந்தால், லெட் அசிடேட் தாளில் ஒரு சொட்டு வைத்தால் கறுக்கும். கறுப்பது நிற்கும் வரை காற்று ஓடட்டும். அதன் பிறகே பட்டைத் தண்ணீரைச் சேர்க்கலாம். ஒன்றின் காரத்தை மற்றதன் புளிப்பு தணிக்கும், பட்டையின் துவர்ப்பும் சுண்ணாம்போடு சேர்ந்து கொஞ்சம் அடியில் இறங்கும். புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஎச் அளவு 6க்கும் 7.5க்கும் நடுவே வந்தால் படிகாரம் நன்றாக வேலை செய்யும்.

எவ்வளவு படிகாரம் என்பதைப் பாட்டிலில் பார்த்துவிடலாம். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரையுங்கள். ஐந்து பாட்டில்களில் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீர் எடுத்து, வரிசையாக 10, 20, 30, 40, 50 மில்லி கரைசல் விடுங்கள். ஒரு நிமிஷம் வேகமாகக் கலக்கி, அப்புறம் கால் மணி நேரம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். கஷாய நிறத் தண்ணீரில் திரிந்த பால் போலத் திப்பித்திப்பியாகத் திரண்டு இறங்கும். நான் முதல்முறை செய்தபோது ஐந்தாவதுதான் தெளியும் என்று நினைத்தேன், மூன்றாவதே தெளிந்துவிட்டது. தெளிந்தவற்றில் குறைந்த அளவையே எடுங்கள். 30 மில்லி என்றால் 1,000 லிட்டருக்கு 300 கிராம். கூடப் போட்டால் சகதிதான் கூடும். தோல் மாறினால் அளவும் மாறும், ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அடிச்சகதியை மணல் பாத்தியில் காய வையுங்கள், பரிசோதிக்காமல் வயலுக்குக் கொடுக்காதீர்கள். தெளிந்த தண்ணீரில் சாணிக் கரைசல் விட்டு இரவு பகலாகக் காற்று ஓட்டினால் மிச்ச அழுக்கை நுண்ணுயிர்கள் தின்னும். மின்சாரம் நின்றால் அவை செத்துவிடும், அதனால் ஜெனரேட்டர் வேண்டும்.

கடைசியாக ஊறல் தண்ணீர். கசியாத சிமெண்டுப் பாத்தியில் ஒரு சாண் ஆழத்துக்கு விட்டால், செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆனி ஆடிக் காற்றே வற்றடித்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் உப்பைச் சுரண்டிக் கூரைக்கடியில் அடுக்கிவிடுங்கள். ஐப்பசி மழையில் பாத்தி வழிந்தால், வருஷம் முழுக்கப் பிரித்து வைத்த உப்பு ஒரே ராத்திரியில் குளத்துக்குப் போய்விடும்.